45 பேரும் ஒரு காம்பஸும்

அக்கா மகள் உளவியல் எம்.எஸ்ஸி. சேர்ந்து ஒன்றரை வருடமாகிறது. பாடத்தைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. நான் புள்ளியியல் வாத்தியார், எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருக்கலாம். பொங்கலுக்கு வந்தவள் திடீரென்று கேட்டாள்: "மாமா, கொலை நடந்த இடத்தைப் பார்த்தே கொலைகாரன் எப்படிப்பட்டவன்னு சொல்லிட முடியுமா? கிளாஸ்ல எல்லாரும் முடியும்ங்கறாங்க."

நான் அவளுக்கு விம்பிள்டன் வழக்கைச் சொன்னேன். 1992 ஜூலையில் லண்டனில், விம்பிள்டன் பகுதியின் திறந்தவெளியில் ஓர் இளம் தாய், தன் இரண்டு வயது மகன் கண்ணெதிரே குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவன் இப்படிப்பட்டவனாகத்தான் இருப்பான் என்று ஓர் உளவியலாளர் எழுதிக் கொடுத்தார். அந்தப் பக்கம் நாயோடு நடக்கப் போகும் ஒருவர் அதற்குப் பொருந்துவதாகப் போலீஸ் நினைத்தது. தடயம் எதுவும் இல்லை. ஒரு பெண் போலீஸைக் காதலி போலப் பழகவிட்டு மாதக்கணக்கில் வாய்விட வைக்கப் பார்த்தார்கள். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனாலும் ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். 1994 செப்டம்பரில் நீதிபதி அந்தச் சாட்சியத்தையே ஏற்க மறுத்துவிட்டார். கொன்றது ராபர்ட் நாப்பர். டி.என்.ஏ. காட்டிக்கொடுத்து, 2008-ல் அவன் ஒப்புக்கொண்டான். என்னால் ஆறவே முடியாதது நடுவில் நடந்த ஒன்று: வேறொருவர் சிறையில் இருந்தபோது, 1993 நவம்பரில், நாப்பர் இன்னொரு தாயையும் அவருடைய நான்கு வயது மகளையும் கொன்றான்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ இது எத்தனை தடவை சரியா வருதுன்னு எண்ணிப் பார்த்தவங்க யாருமே இல்லையா மாமா?"

இருக்கிறார்கள். மோக்ரோஸ், அலிசன் என்ற இருவர் 2002-ல் பிரிட்டனின் பாலியல் குற்றவாளிகள் 100 பேரை எடுத்துக்கொண்டார்கள். குற்றத்தின்போது ஒரே மாதிரி நடந்துகொண்டவர்கள் வயதிலும் வேலையிலும் முந்தைய தண்டனைகளிலும் ஒரே மாதிரி இருக்கிறார்களா என்று பார்த்தார்கள். இல்லை. செயல் ஒத்துப்போனால் ஆளும் ஒத்துப்போவான் என்ற நம்பிக்கைதான், குற்றத்தைப் பார்த்துக் குற்றவாளியை ஊகிக்கும் இந்தத் தொழிலின் அஸ்திவாரம். அதுவே ஆட்டம் கண்டது.

ஆனால் எண்ணியதில் தேறியதும் உண்டு. அதைச் சொல்லும்போதுதான் மேஜை டிராயரிலிருந்து காம்பஸை எடுத்தேன். டேவிட் கேன்டரும் லார்கினும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு. பிரிட்டனின் 45 தொடர் பாலியல் குற்றவாளிகள், 251 குற்றங்கள். ஒருவனுடைய குற்றங்களில் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் உள்ள இரண்டு இடங்களை விட்டமாக வைத்து வட்டம் போடு. அவன் வீடு உள்ளே இருக்கிறதா? 87 சதவீதம் பேருக்கு இருந்தது. மனதைப் படிக்கவே இல்லை, வரைபடத்தை மட்டும்தான் படித்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த ஆய்வு.

நம்பாதவளைக் கூப்பிட்டு, போன மாதம் ஸ்கூட்டியில் போய் வந்த இடங்களை ஊர் வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொன்னேன். ஆறு புள்ளிகள். வட்டம் போட்டோம். அவள் விடுதி உள்ளேதான் இருந்தது. சந்தோஷப்பட்டாள். அப்புறம் வரைபடத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "பாதி ஊரும் உள்ளேதான் மாமா இருக்கு" என்றாள்.

சரிதான். வட்டம் பெரிதானால் போலீஸுக்குப் பயன் குறைவு. வீட்டை விட்டு வேறு பகுதிக்குப் பயணம் போய்க் குற்றம் செய்பவன் வட்டத்துக்குள் சிக்கவே மாட்டான். ஆஸ்திரேலியாவில் வீடு புகுந்து திருடுபவர்களை வைத்துப் பார்த்தபோது பாதிப் பேர்கூட உள்ளே வரவில்லை. எந்தக் குற்றம், எந்த ஊர், எத்தனை பேர் என்று சொல்லாமல் 87 என்ற எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு திரிந்தால், விம்பிள்டனில் செய்த அதே தப்பைத்தான் செய்வோம். இதை அவளிடம் மூன்று தடவை சொன்னேன். வாத்தியார் புத்தி.

ராத்திரி சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கேட்டாள்.

"அந்த 45 பேரும் பிடிபட்டவங்கதானே மாமா? பிடிபடாதவன் வீடு எங்கே இருந்ததுன்னு யார் எண்ணுவாங்க?"

பதில் சொல்லவில்லை. கேள்வியை அவளுடைய நோட்டிலேயே முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொன்னேன்.