தெரியாததை 'E' என்று குறிக்கக் கூச்சம் வேண்டாம்

வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கமிருந்து அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, எந்தப் புத்தகம் என்று. பள்ளிப் பாடநூல்களும் பழைய வினாத்தாள்களும் போதும். "நமக்கெல்லாம் எங்க கிடைக்கப் போகுது" என்ற நினைப்புதான் பெரிய தொல்லை.

அதற்காகக் கண்ணாடி முன் நின்று "நான் சாதிப்பேன்" என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. சுயமதிப்பை வளர்த்தால் குற்றமும் போதைப் பழக்கமும் குறையும், படிப்பும் ஏறும் என்று நம்பி, 1986-ல் கலிபோர்னியா அரசு தனிக்குழுவே அமைத்தது. 2003-ல் ராய் பாமைஸ்டரும் சக உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். சுயமதிப்பு உள்ளவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள், சரி. ஆனால் அதை ஏற்றிவிட்டதால் மதிப்பெண் ஏறியதாகத் தெரியவில்லை. நன்றாகப் படிப்பதால் சுயமதிப்பு கூடுவதும் உண்டு என்றார்கள். எனக்கு நடந்தது அதுதான்.

குரூப் 4 விடைத்தாளில் 'E' என்று ஐந்தாவது வட்டம் இருக்கிறதே, 'விடை தெரியவில்லை' என்பதற்கு? வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போது அதை நேர்மையாகக் கருப்பாக்குங்கள். குருட்டாம்போக்கில் வாங்கிய மார்க் அன்றைக்கு இனிக்கும், எது தெரியாது என்பதை மறைத்துவிடும். வாராவாரம் அந்த 'E'க்கள் குறைவதைக் கண்ணால் பார்த்தால், யாரும் வந்து தட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. உண்மையான தேர்வில் மட்டும் ஊகித்துக் குறியுங்கள். தவறான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள்.

இன்னொன்று, தெருவில் பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுங்கள். மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) போடத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். "ஏன்க்கா பெரிய அடுக்கை எடுக்கணும்?" என்று ஒரு பையன் கேட்டதும் நோட்டை மூடிவிட்டு முதலிலிருந்து யோசித்தேன். அந்த விளக்கம் அவனுக்கும் உதவியது, திறனறிவுப் பகுதியில் எனக்கும் உதவியது. அந்தத் தெருவுக்கு நாமும் ஒரு ஆளாகத் தேவைப்படுகிறோம் என்பது தனிச் சுகம்.

ஏரியா பெயரைச் சொல்லத் தயங்குகிறவர்களுக்கு: குரூப் 4-ல் நேர்முகத் தேர்வே கிடையாது, மார்க்தான் பேசும். பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் அரசின் இலவசப் பயிற்சி மையம் இருக்கிறது. சேர்க்கை அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை ஞாயிற்றுக்கிழமையோடு வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு நெருங்கும் மாதத்தில் நிறுத்துவதானால், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.