அப்பாவின் பரிசல் என் பெயருக்கு மாறிய கதை

ஓசூரில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் ஷிப்ட் பார்த்துவிட்டு, 2023 கடைசியில் ஒகேனக்கல்லை ஒட்டிய எங்கள் ஊரான ஊட்டமலைக்கே திரும்பி வந்துவிட்டேன். அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை முற்றியிருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியவர், "இனிமே நீ துடுப்பப் புடி" என்றார். நானும் சரி என்றேன். ஆற்றிலேயே கிடந்து வளர்ந்தவன்தானே, ஒரு மனு எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆனது.

முதல் தவறு என்னுடையதுதான். நாகமரை, ஒட்டனூர் பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் மேட்டூர் அணைத் தண்ணீரில் பரிசலில் போய் வலை போடுகிறவர்கள். அவர்களுக்கு உரிமம் மீன்வளத்துறையில். பரிசல் என்றால் எல்லாம் பரிசல்தானே என்று அவர்கள் கைகாட்டிய அலுவலகத்தில் போய் நின்றேன். "வலை போடவா, ஆள் ஏத்தவா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். ஆள் ஏற்ற என்றேன். "அதுக்கு இங்க என்னப்பா வேலை?" என்று அனுப்பிவிட்டார். ஆறும் ஒன்றுதான், பரிசலும் ஒன்றுதான். ஏறுவது மீனா மனுஷனா என்பதைப் பொறுத்து ஆபீஸ் மாறுகிறது.

சரியான இடத்தைக் கண்டுபிடித்துப் போனால், முதல் பதிலே "புதுசா யாருக்கும் குடுக்கறதில்ல" என்பதுதான். இருக்கிற எண்ணிக்கைதான், அதற்கு மேல் ஒரு பரிசல் கூட இறங்காது. அப்பா விட்டுக்கொடுத்தால் அவர் இடத்துக்கு நான் வரலாம் என்றார்கள். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சின்னாறு பரிசல் துறையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பாறைகளுக்கு நடுவே இருக்கிற அந்தச் சந்தில் எத்தனை பரிசல் போக முடியும் என்று. எண்ணிக்கை கூடினால் ஆளுக்கு வருகிற முறையும் குறையும். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும்தான் கூட்டம்; மற்ற நாளில் காலையில் வந்து உட்கார்ந்தால் ஒரு சவாரி கிடைத்தாலே பெரிது. அதனால் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு இப்போது மறுப்பில்லை. எனக்கு ஒப்பாத விஷயம் வேறு. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், துடுப்பு வேறொருவர் கையில் இருக்கும். பெயர் வைத்திருப்பவருக்கு ஒரு பங்கு போய்விடும். வருடக்கணக்காக அப்படியே ஓட்டுகிற என் வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒரு அப்பா இருந்தார், அவர்களுக்கு அந்த வழி இல்லை.

ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, அப்பாவின் சம்மதக் கடிதம், மருத்துவச் சான்று எல்லாம் ஒரு வாரத்தில் சேர்ந்துவிட்டன. மாட்டிக்கொண்டது அப்பாவின் பெயரில். பழைய உரிம அட்டையில் ஊரில் எல்லோரும் கூப்பிடுகிற பெயரை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். ஆதாரில் குலதெய்வத்தின் பெயர். இனிஷியலும் வேறு. "இவரு யாரு, அவரு யாரு?" என்று கேட்டால் என்ன சொல்வது? பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அப்பா, "ரெண்டும் நான்தான் சார்" என்றார். அது எடுபடவில்லை. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று வி.ஏ.ஓ.விடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். அதற்கு நான்கு நடை. வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்த வாரம்தான், 2024 மார்ச் 16 அன்று, தேர்தல் அறிவிப்பு வந்தது. நடத்தை விதி அமலில் இருக்கிறது, ஜூன் வரைக்கும் எதையும் கேட்காதே என்றார்கள். எங்களுக்கு ஓட்டு ஏப்ரல் 19, எண்ணுவது ஜூன் 4. நடுவில் என் கோப்பு எந்த மேசையில் தூங்கியதோ தெரியாது.

யாராவது இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். கொடுக்கிற ஒவ்வொரு தாளுக்கும் ஒரு ஜெராக்ஸில் தேதி போட்டு ஒப்புதல் வாங்கி வையுங்கள். ஜூனில் போனபோது சம்மதக் கடிதமே இல்லை என்றார்கள். அந்த ஜெராக்ஸ்தான் என்னைக் காப்பாற்றியது.

அந்தக் கோடையில் ஆறும் பாறையாகத்தான் கிடந்தது. சும்மா இருந்த நேரத்தில் பரிசலைச் சரி செய்தேன். மூங்கில் பிளாச்சு இரண்டு மூன்று ஒடிந்திருந்தது. மாற்றிப் பின்னி, அடியில் புது ஷீட் கட்டி, தார் காய்ச்சிப் பூசினோம். பூச்சு காய்வதற்குள் அப்பா நான்கு முறை வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். பார்வை மங்கிய பிறகு அவருக்கு விரல்தான் கண்.

அட்டை ஜூலை இரண்டாவது வாரம் கைக்கு வந்தது. சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டோம். அப்புறம் கர்நாடகத்தில் மழை. மேலே எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் எடுக்கிற நீர்வரத்துக் கணக்குதான் எங்களுக்குப் பஞ்சாங்கம். அது ஏற ஏற, பரிசல் இயக்கத் தடை என்று அறிவிப்பு வந்தது. மாதக் கடைசியில் வரத்து ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியது. ஜூலை 30 அன்று மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. ஊரெல்லாம் சந்தோஷம். நான் அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தேன். ஆடிப்பெருக்கும் அப்படியே போனது.

தடை நீங்கி முறை வந்த அன்று என் முதல் சவாரிக்கு சேலத்திலிருந்து ஒரு குடும்பம். பெரியவர்கள் நான்கு பேர், மடியில் ஒரு குழந்தை. எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டேன். அப்பா கரையிலிருந்து, "எத்தன தலைடா?" என்று சத்தம் போட்டார். நாலு என்றேன். "கொழந்த தலையில்லையா?" என்றார். அந்த வீட்டு மாமா முனகிக்கொண்டே இறங்கி, மீன் வறுவல் கடைப் பக்கம் நடந்தார்.