மூன்று நாளில் சரியாகிவிடும் என்றார்கள்

அலுவலகப் பயிற்சி முகாமில் மதியம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். மறுநாள் விடிவதற்குள் அறுபது பேருக்கு மேல் மருத்துவமனையில் கிடந்தோம். வாந்தி, பேதி, உடம்பைத் தூக்கிப்போடும் காய்ச்சல். மலப் பரிசோதனையில் சால்மோனெல்லா என்று வந்தது, உணவு வழியாகக் குடலுக்குள் போகும் கிருமி. நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் நடந்ததைத்தான் எழுத நினைக்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றி அன்று எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் வலது முழங்கால் வீங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினேன். முதலில் பார்த்த மருத்துவர் எங்கேயாவது இடித்துக்கொண்டீர்களா என்று கேட்டு எக்ஸ்ரே எடுத்தார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்த மூட்டுவாத மருத்துவர்தான், "சமீபத்தில் வயிற்றுப்போக்கு வந்ததா?" என்று கேட்டார். இதற்கு ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ் என்று பெயர். சால்மோனெல்லா, ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் குடலைத் தாக்கிய சில வாரங்களில், கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டில் வீக்கத்தைக் கிளப்பிவிடுமாம். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் அடங்கிவிடும். எனக்கு எட்டு மாதம் ஆனது.

வயிறு அப்படி அடங்கவில்லை. சாப்பிட்ட அரை மணியில் முறுக்கும், கழிப்பறைக்கு ஓட வேண்டும். ரத்தம், மலம், கடைசியில் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி வரை எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். நல்ல செய்திதான், ஆனால் அதைக் கேட்டு வண்டி நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். வீட்டிலும், "எல்லாருக்கும் சரியாயிடுச்சே, உனக்கு மட்டும் என்ன? எல்லாம் மனசுதான்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கட்டத்தில் நானும் அப்படித்தானோ என்று நம்பத் தொடங்கினேன்.

மூன்றாவதாகப் பார்த்த குடல் மருத்துவர்தான் பழைய கோப்பைத் திறந்து அந்த முதல் மலப் பரிசோதனை ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தார். தொற்றுக்குப் பின் வரும் ஐபிஎஸ், அதாவது எரிச்சல் குடல் நோய் என்றார். கிருமி போன பிறகும் குடல் நரம்புகள் கூச்சத்தோடு இருக்கின்றன, சாதாரண அசைவும் வலியாகத் தெரிகிறது, இதை ஸ்கோப்பி காட்டாது என்று விளக்கினார். கனடாவில் வாக்கர்டன் என்ற சிற்றூரைப் பற்றியும் சொன்னார். அங்கே 2000 மே மாதம் குடிநீரில் ஈகோலை என்ற குடல் கிருமியும் கேம்பைலோபாக்டரும் கலந்து 2,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். மற்றவர்களை ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். எட்டு ஆண்டு கழித்தும், அன்று நோயுற்றவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு ஐபிஎஸ் இருந்தது. முன்பே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்களுக்கு அது வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. உடம்பா மனசா என்று பிரித்துக் கேட்பதே தவறு என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

மனசும் அடிபட்டுத்தான் இருந்தது. டப்பாவைத் திறந்தால் மூன்று முறை முகர்ந்து பார்ப்பேன். சாப்பிட்ட நேரத்தைக் குறித்துவைத்து 72 மணி நேரம் எண்ணுவேன். சால்மோனெல்லா பொதுவாக அதற்குள் தலைகாட்டிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். ஒரு கணக்கு முடிவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். ஆக, கணக்கு முடிந்ததே இல்லை. பதினோரு கிலோ குறைந்தேன். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் பொய் சொல்லித் தப்பித்தேன்.

உளவியல் ஆலோசகர் என் பயங்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை எழுதச் சொன்னார். முதல் வாரம், ஒரே ஒரு முறை முகர்ந்துவிட்டுச் சாப்பிட வேண்டும். அடுத்து, முகராமல். அடுத்து, வேறொருவர் சமைத்ததில் நான்கு கரண்டி. சாப்பிட்ட பின் கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும் என்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். உள்ளங்கை வேர்க்கும், நெஞ்சு அடிக்கும், முக்கால் மணி நேரத்தில் தானாக இறங்கும். இறங்கும் என்று உடம்பு கற்றுக்கொள்ள ஐந்து மாதம் பிடித்தது. கூடவே உணவியல் நிபுணர் வெங்காயம், பூண்டு, பால் போன்றவற்றைச் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தார். பால் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது வாரத்தில் ஐந்து நாள் நன்றாகவே போகிறது. அன்று சாப்பிட்டவர்களில் ஆறு பேர் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். போன வாரம் ஏழாவதாக ஒருவர் அழைத்தார். மூன்று வருடமாக வெளியே சாப்பிட்டதில்லை, மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்றார். அன்றைய லேப் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டேன். தேடிப் பார்க்கிறேன் என்றார். கிடைக்காவிட்டால் மருத்துவமனைப் பதிவேட்டில் நகல் கேட்கலாம், நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.