செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள்

ரோமுக்கு வந்த முதல் ஆறு மாதம் எனக்கு வேலை கிடையாது, வதிவிட அட்டையும் வந்தபாடில்லை, வீட்டுக்காரர் காலையில் கிளம்பினால் இருட்டின பிறகுதான் திரும்புவார். வீடு கோலி அல்பானி மெட்ரோ பக்கம். கொஞ்சம் நடந்தால் காஃபரெல்லா என்றொரு பூங்கா இருக்கிறது என்றார்கள். ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும் என்று நினைத்து மகனைக் கூட்டிக்கொண்டு போனால், செம்மறி மந்தை மேய்கிறது! மேலே கீச்கீச் என்று சத்தம், நிமிர்ந்து பார்த்தால் பச்சைக்கிளி, நம் ஊர் வேப்பமரத்தில் உட்காருமே அதே செம்மூக்குக் கிளி. அதற்கு யாரும் அட்டை கேட்கவில்லை போல.

காஃபரெல்லா ஒரு மூலைதான். 1988இல் அமைத்த ஆப்பியா அந்திகா பூங்கா மொத்தம் 4,500 ஹெக்டேருக்கு மேல். கி.மு. 312இல் அப்பியுஸ் கிளாடியுஸ் என்ற ரோம அதிகாரி போடத் தொடங்கிய ஆப்பியா சாலை அதன் வழியே போகிறது. எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல், ஒன்றுக்கொன்று மேடும் பள்ளமுமாக, சில இடத்தில் வண்டிச் சக்கரம் தேய்த்த தடம்கூடத் தெரியும். செருப்போடு போய் இரண்டு தடவை கால் பிசகியது. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா இந்தச் சாலை வழியாக வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கினார் என்று அப்புறம் தெரிந்ததும் என்னத்தைச் சொல்ல!

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: இந்தச் சாலையில் பழைய நகர வாசலை ஒட்டிய பகுதியில் வார நாளில் நடக்காதீர்கள், இரண்டு பக்கமும் மதில், நடைபாதை இல்லை, கார்கள் உரசிக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை போங்கள், அல்லது 118 பேருந்தில் ஏறிக் கொஞ்சம் தள்ளி இறங்குங்கள்.

ஊர் எல்லைக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது பழைய ரோமச் சட்டம், அதனால்தான் சாலையோரம் முழுக்கக் கல்லறை. செசிலியா மெத்தெல்லா என்ற பழங்கால ரோமச் சீமாட்டியின் கல்லறை உருண்டையாகக் கோட்டைக் கொத்தளம் மாதிரி நிற்கும், பிற்காலத்தில் அதை நிஜமாகவே கோட்டையாக்கியும் இருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று அம்மாவுக்கு வீடியோவில் காட்டி, விவரமும் சொல்லித் தொலைத்தேன்.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா பிள்ளையைச் சுடுகாட்டுக்கா கூட்டிட்டுப் போற? வீட்டுக்குப் போனதும் முதல்ல தலைக்கு ஊத்து."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சரி, அந்தக் கிளி எங்க, அதைக் காட்டு" என்றார்.