மரத்தூண்களில் ஒரு சூத்திரம்

ஹாங்காங்கில் கிடைத்த இரண்டு நாட்களையும் ஒரே மனிதரின் தூரிகைக்குக் கொடுத்துவிட்டேன். சீன அறிஞர் ஜாவ் சுங்-யி (1917–2018) வடமேற்குச் சீனாவிலுள்ள துன்ஹுவாங்கின் பழைய பௌத்தக் குகைச் சுவடிகளை ஆராய்ந்தவர், சமஸ்கிருதம் கற்றவர், 1963-இல் புனேயில் தங்கி ஆய்வு செய்தவர். ஓவியமும் எழுத்துக்கலையும் அந்தப் புலமையின் தொடர்ச்சியாகவே அவரிடம் அமைந்தன.

மெய் ஃபூ ரயில் நிலையத்துக்கு அருகே, ஒரு காலத்தில் சிறையாகவும் பின்னர் தொற்றுநோய் மருத்துவமனையாகவும் இருந்த செங்கல் கட்டடங்கள் இப்போது அவர் பெயரைத் தாங்கிய பண்பாட்டு மையமாக இருக்கின்றன. அங்குள்ள காட்சிக்கூடத்தில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது அவருக்கு மிகவும் பிடித்தமான பொருளான தாமரை. சேற்றில் பிறந்தும் சேறு படாத மலர் என்பது பௌத்தத்தில் பழகிய உவமைதான். ஆனால் அந்த இலைகளை நீர் கலந்த மையால் ஒரே வீச்சில் இழுத்திருக்கும் கைக்கு, தாள் மையை உடனே உறிஞ்சிக்கொள்வதால், திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பே கிடையாது என்பதை எண்ணியபோது, பழகிய உவமை எனக்குப் புதிதாகத் தெரிந்தது. அருகில் தொங்கிய எழுத்துச் சுருள்களை எனக்குப் படிக்கத் தெரியாது. கோயில் சுவரில் வட்டெழுத்தைப் பார்த்து நிற்கும் பள்ளிச் சிறுவனைப் போல, கோடு எங்கே தொடங்கி எங்கே கனத்து எங்கே ஓய்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் லாண்டாவ் தீவு. கம்பிவட ஊர்தி, கூட்டம், 34 மீட்டர் உயர வெண்கலப் புத்தர் எல்லாவற்றையும் விரைவாகக் கடந்து, மலையடிவாரத்துக்கு நடந்தேன். 1980-இல் சீனாவின் 'தாய்' (Tai) என்னும் மலையின் பாறையில் செதுக்கப்பட்ட வச்சிர சூத்திரம் என்ற பௌத்த நூலைக் கண்டதன் தாக்கத்தில், ஜாவ் 2002-இல் இன்னொரு பௌத்த நூலான இதய சூத்திரத்தைத் தூரிகையால் எழுதி ஹாங்காங்குக்கு அளித்தார். அது 38 மரத்தூண்களில் செதுக்கப்பட்டு, 2005-இல் திறந்து வைக்கப்பட்டது. மூங்கில் பட்டைகளில் எழுதிய பழங்காலத்தை நினைவூட்டும் தூண்கள், படுக்க வைத்த எட்டின் வடிவில், முடிவின்மையின் குறியாகச் சரிவில் நிற்கின்றன. மேட்டின் உச்சியிலுள்ள 23-ஆம் தூணில் மட்டும் ஓர் எழுத்தும் இல்லை. சூனியத்தைப் பற்றிப் பேசும் நூலுக்கு இதைவிடப் பொருத்தமான உரை எனக்குத் தோன்றவில்லை.

இதய சூத்திரத்தின் இந்தச் சீன வடிவத்தை 649-இல் தந்தவர் யுவான் சுவாங். காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதி வைத்த அதே பயணிதான். மொத்தம் 260 எழுத்துகள். இறுதி மந்திரத்தை மட்டும் அவர் மொழிபெயர்க்காமல், சமஸ்கிருத ஒலியை அப்படியே சீன எழுத்துகளில் இறக்கி வைத்தார். அந்த மந்திரம் உள்ள தூணருகே ஒரு மூதாட்டி, எழுத்தெழுத்தாக விரல் நீட்டி, "கிட் தை, கிட் தை" என்று கன்டோனிய மொழியில் ஓதிக்கொண்டிருந்தார். எனக்குச் சட்டென்று விளங்கியது. "கதே கதே பாரகதே" என்று மெல்லச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு தலையை அசைத்து, பிள்ளையின் உச்சரிப்பைத் திருத்துபவரைப் போல, நிறுத்தி நிதானமாக மறுபடியும் "கிட் தை" என்றார்.