மாலை நான்கு மணிப் பட்டியல்

ஓர் அரசியல் விவாத நிகழ்ச்சிக்கு விருந்தினர்களை அழைப்பது ஆறு ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. இரவு எட்டு மணிக்குத் திரையில் நான்கு முகங்கள் வரிசையாகத் தெரியும் அல்லவா, அந்த நான்கு பேரையும் தொலைபேசியில் பிடித்து, நேரத்துக்கு அரங்கில் உட்காரவைக்க வேண்டியவள் நான். அந்த வேலையை விட்ட பிறகும், விவாதங்களில் பெண்களை ஏன் பார்க்கவே முடிவதில்லை என்று யாராவது கேட்டால் மனம் கனக்கிறது. "கூப்பிட்டால் வர மறுக்கிறார்கள்" என்று இன்னொருவர் பதில் சொன்னால் கோபம் வருகிறது. அதே பதிலை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

வேலையில் சேர்ந்த அன்று, எனக்கு முன்பு அந்த இடத்தில் இருந்தவர் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார். மொத்தம் 92 பெயர்கள். அவற்றில் பெண்கள் 11 பேர். அன்று அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. "இதில் யார் உடனே போனை எடுப்பார்கள்?" என்றுதான் கேட்டேன். அவர் பேனாவை எடுத்துச் சில பெயர்களுக்கு எதிரே நட்சத்திரம் போட்டார். நட்சத்திரம் பெற்றவர்களில் ஒரு பெண்கூட இல்லை.

காலைக் கூட்டத்தில் முடிவான தலைப்பு பெரும்பாலும் பிற்பகலைத் தாண்டாது. ஒரு தலைவர் ஏதாவது பேசிவிடுவார், அல்லது ஒரு தீர்ப்பு வரும், தலைப்பு மாறிவிடும். நான்கு மணிக்கு ஆசிரியர் என் மேசைக்கு அருகே வந்து நிற்பார். அப்போது விரல் தானாக நட்சத்திரங்களைத் தேடிப் போகும். முதல் மணியிலேயே எடுப்பவர், தலைப்பைக் கேட்பதற்கு முன்பே "வருகிறேன்" என்பவர், நீர்ப் பங்கீட்டிலிருந்து வெளியுறவு வரை எதைக் கொடுத்தாலும் பேசுபவர். அவர்களைக் குறை சொல்லவில்லை. பலர் நன்றாகவே பேசினார்கள். ஆனால் துறை அறிவுக்காக அவர்களைத் தேர்ந்தெடுத்தோம் என்றால் அது பொய். நேற்று திரையில் வந்தார்கள், அதனால் இன்று எங்கள் நினைவுக்கு வந்தார்கள். இன்று வந்ததால் மற்ற அலைவரிசைக்காரர்களும் நாளை அவர்களையே தேடினார்கள்.

அதே அவசரத்தில் ஒரு பெண் வழக்கறிஞரையோ ஆய்வாளரையோ அழைத்தால் கேள்விகள் வரும். "தலைப்பு சரியாக என்ன? என்னோடு பேசப்போகிறவர்கள் யார்? அந்த அறிக்கையை இன்னும் படிக்கவில்லை, அனுப்ப முடியுமா?" விவாதத்துக்கு வருகிற எவரும் கேட்டாக வேண்டிய கேள்விகள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததால் அவை எனக்குத் தயக்கமாகத் தோன்றின. "பரவாயில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று போனை வைத்துவிட்டு, பதிவேட்டில் 'வர இயலவில்லை' என்று எழுதினேன். அப்படி எழுதியவற்றில் எத்தனையோ உண்மையில் நான் காத்திருக்காததால் நேர்ந்தவை.

மறுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நிகழ்ச்சி முடிந்ததும் காணொலி வலையில் ஏறும். ஆண் விருந்தினருக்கும் வசை விழும். அது பெரும்பாலும் அவருடைய கட்சியைப் பற்றியது. பெண்ணுக்கு விழுவது அவருடைய முகம், உடை, குரல், திருமணம் எல்லாவற்றையும் தொடும். ஒருமுறை வந்த ஓர் இளம் வழக்கறிஞர் மறுநாள் என்னை அழைத்தார். அந்தப் பின்னூட்டங்களைத் தன் தாய் படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நீக்கும்படி மேலே கேட்டேன். அவற்றால் பார்வைகள் கூடுகின்றன என்றார்கள். அந்த வழக்கறிஞர் மறுபடி வரவில்லை. அவரை மறுத்தவர் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

என்னை மாற்றியது ஒரு பேராசிரியரின் கேள்வி. பொது நிதியைப் பற்றி இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துபவர். என் பட்டியலில் அவருடைய பெயர் 'பெண்கள் பிரச்சினை' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. பாலியல் வன்முறை வழக்கு, மகளிர் இட ஒதுக்கீடு என்றால் அவரை அழைப்பேன். ஒருநாள் அவர் அமைதியாகக் கேட்டார்: "உங்கள் நிகழ்ச்சிக்கு ஏழு முறை வந்துவிட்டேன். வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி ஒருமுறைகூட என்னிடம் நீங்கள் கேட்டதில்லையே, ஏன்?"

பதில் என்னிடம் இல்லை. அன்றிரவு பட்டியலை எடுத்து முதல்முறையாக எண்ணினேன். 11 பெண்களில் 8 பேர் அந்த ஒரே தலைப்பின் கீழ் இருந்தார்கள்.

எண்ணத் தொடங்கிய பிறகு, இதை உலகளவில் எண்ணிக்கொண்டிருப்பவர்களைப் பற்றியும் படித்தேன். உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஒரே நாளின் செய்திகளைப் பல நாடுகளில் ஆராய்கிறது. செய்திகளில் நாம் காணும், கேட்கும், படிக்கும் மனிதர்களில் பெண்கள் 1995-இல் 17 சதவீதம். 2020-இல் 116 நாடுகளில் எண்ணியபோது 25 சதவீதம். கால் நூற்றாண்டில் நகர்ந்தது எட்டே புள்ளி.

"அரசியல் விவாதம் என்பதே ஆண்கள் உருவாக்கிய வடிவம், அது அப்படித்தான் இருக்கும்" என்றார் எங்கள் ஆசிரியர். அது வரலாறு தெரியாத பேச்சு. அமெரிக்காவில் 1947-இல் தொலைக்காட்சிக்கு வந்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கிற 'மீட் த பிரஸ்' நிகழ்ச்சியை உருவாக்கிய இருவரில் ஒருவர் மார்த்தா ரவுண்ட்ரீ. அதன் முதல் நெறியாளரும் அவரே. 1953-இல் அவர் விலகினார். அந்த நாற்காலியில் நிரந்தரமாக இன்னொரு பெண், கிறிஸ்டன் வெல்கர், அமர்ந்தது 2023-இல்தான். தொடங்கி வைத்தவரின் இடத்துக்கு இன்னொரு பெண் வந்து சேர எழுபது ஆண்டுகள்!

ஆசிரியரின் இன்னொரு வாதம் வலுவானது. கட்சிகள் அனுப்பும் செய்தித் தொடர்பாளர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, கட்சி ஓர் ஆண் தொடர்பாளரை அனுப்பினால் நாம் என்ன செய்ய முடியும் என்பார். இதற்கு பிபிசி-யில் ராஸ் அட்கின்ஸ் 2017-இல் தொடங்கிய '50:50' முயற்சியில் பதில் கிடைத்தது. அவருடைய இரவுச் செய்தி நிகழ்ச்சியில், தவிர்க்கவே முடியாதவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. தாங்களாகத் தேர்ந்தெடுத்த விருந்தினர்களை மட்டும், ஒவ்வொரு நாளும் நிகழ்ச்சி முடிந்த கையோடு, சில நிமிடங்களில் எண்ணினார்கள். 39 சதவீதத்தில் இருந்த பெண்கள் நான்கு மாதங்களில் பாதியைத் தொட்டார்கள். எங்கள் நான்கு நாற்காலிகளில் இரண்டு கட்சிகளுக்கு என்றால், மீதி இரண்டு என் கையில்தான் இருந்தன. அந்த இரண்டையும் நான் நட்சத்திரங்களுக்கே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நானும் ஒரு குறிப்பேடு போட்டேன். 'பெண்கள் பிரச்சினை' என்ற தலைப்பை அடித்துவிட்டு நிதி, சட்டம், தேர்தல், நீர், கல்வி என்று பக்கம் பிரித்தேன். தலைப்பு மாறினாலும் மாறாவிட்டாலும், வாரம் முழுக்க எது பேசப்படும் என்பதை ஓரளவு முன்பே ஊகிக்க முடியும். தீர்ப்பு வரும் நாள் தெரியும், வாக்கு எண்ணும் நாள் தெரியும். முந்தின நாளே அழைத்தபோது, பதிவேட்டில் 'வர இயலவில்லை' என்று நான் எழுதியிருந்த பலர் வந்தார்கள்.

நாற்காலி கிடைத்தால் போதும் என்று நினைத்தது என் அடுத்த தவறு. பதிவான நிகழ்ச்சி ஒன்றை நேரம் பார்க்கும் கருவியோடு ஓடவிட்டேன். ஒரு பெண், மூன்று ஆண்கள். விளம்பரம் நீங்கலாக 42 நிமிடப் பேச்சில் அவருக்குக் கிடைத்தது 5 நிமிடம். முதல் கேள்வி அவருக்கு இல்லை. அவர் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கும்போதே குறுக்கே ஒரு குரல் புகுகிறது, நெறியாளர் அந்தக் குரலின் பக்கம் திரும்பிவிடுகிறார். பெயர்ப் பட்டையில் மற்றவர்களுக்கு 'மூத்த பத்திரிகையாளர்', 'அரசியல் விமர்சகர்'. முனைவர் பட்டம் பெற்ற அவருக்கு 'சமூக ஆர்வலர்'. பிரான்சின் ஒலி ஒளிக் காப்பகமான இனா, 2019-இல் ஏறத்தாழ 7 லட்சம் மணி நேர ஒலிபரப்பைக் கணினி வழியே அளந்து, ஆண்கள் பேசும் நேரத்தில் பாதியளவே பெண்கள் பேசுகிறார்கள் என்று காட்டியது. தலைகளை எண்ணுவது எளிது. நிமிடங்களை எண்ணும்போதுதான் வலிக்கிறது.

வரவு செலவுத் திட்ட நாளன்று அந்தப் பேராசிரியரை அழைத்தேன். அழைத்தது முந்தின நாள் காலையில். முதல் கேள்வியை அவருக்கே கொடுக்கும்படி நெறியாளரிடம் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன். பெயர்ப் பட்டையை நானே சரிபார்த்தேன். ஒரு செய்தித் தொடர்பாளர் கடன் கணக்கைத் தவறாகச் சொன்னபோது, பேராசிரியர் ஆவணத்தைப் புரட்டிப் பக்க எண்ணைச் சொல்லித் திருத்தினார். அரங்கில் ஒரு கணம் யாரும் பேசவில்லை. மறுநாள் வேறு இரண்டு அலைவரிசைகளிலிருந்து அவருடைய எண்ணைக் கேட்டார்கள்.

வேலையை விட்டபோது என் பட்டியலை அடுத்து வந்த இளைஞரிடம் கொடுத்தேன். 37 பெண்கள், ஒவ்வொருவரும் அவரவர் துறையின் பக்கத்தில். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் யார் உடனே எடுப்பார்கள் அக்கா?" என்று கேட்டார். பேனாவை மேசையில் வைத்துவிட்டு, அவரோடு உட்கார்ந்து அடுத்த வாரத்துக்கான அழைப்புகளை அன்றே தொடங்கினேன்.