மவுன்ட் ஹுட் மலையில் ஒரு நிவாரண வேலை

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்டிலிருந்து 26-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் டிம்பர்லைன் லாட்ஜ் என்ற மலைவிடுதி வந்துவிடும். மவுன்ட் ஹுட் மலையின் தென்சரிவில், சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. நாங்கள் போனது ஜூலையில். கீழே ஊரில் ஏசி இல்லாமல் தூங்க முடியவில்லை. இங்கே சறுக்குக் கட்டைகளைத் தோளில் சாத்திக்கொண்டு ஆட்கள் போகிறார்கள். பால்மர் பனிப்பரப்பில் கோடையிலும் பனிச்சறுக்கு உண்டு. எங்களுக்கு அதில் நாட்டமில்லை. கட்டடத்தைப் பார்க்கத்தான் வந்தோம்.

1929-இல் பங்குச்சந்தை விழுந்து பொருளாதாரம் படுத்தபின், 1933 வாக்கில் அமெரிக்காவில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. சும்மா பணம் கொடுப்பதைவிட வேலை கொடுத்துக் கூலி தருவோம் என்று ரூஸ்வெல்ட் அரசு 1935-இல் தொடங்கிய திட்டம்தான் டபிள்யூ.பி.ஏ. 1943-இல் அதை மூடுவதற்குள் சுமார் 85 லட்சம் பேர் அதில் வேலை செய்திருந்தார்கள். சாலை, பள்ளிக்கூடம், நடைபாதை, பூங்கா என்று அவர்கள் கை படாத ஊர் குறைவு. இந்த விடுதியும் அந்தக் கணக்கில் வந்ததுதான். 1936 கோடையில் வேலை ஆரம்பம். 1937 செப்டம்பர் 28 அன்று ரூஸ்வெல்ட்டே மலையேறி வந்து திறந்துவைத்தார். பொதுமக்களுக்குக் கதவு திறந்தது 1938 பிப்ரவரியில்.

ஆட்களை மலையடியில் கூடாரம் போட்டுத் தங்கவைத்து, தினமும் லாரியில் மேலே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். கைத்தொழில் தெரிந்தவருக்கு மணிக்கு 90 சென்ட், தெரியாதவருக்கு 55. நிறையப் பேருக்குக் கூலி போய்ச் சேரவேண்டும் என்பதற்காக ஆட்களை மாற்றி மாற்றி எடுத்தார்கள். செலவில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போனது. கட்டடத்தின் ரகசியமே இதில்தான் இருக்கிறது என்பேன். சாதாரணக் காண்டிராக்டர் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் பார்ப்பார். இங்கே கூலி கொடுப்பதே நோக்கம், பொருளில்தான் சிக்கனம். அதனால் ஆணி, கொண்டி, கதவுப்பிடி வரை கையால் அடித்துச் செய்திருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் கூடத்தின் நடுவில் பிரம்மாண்டமான கல் புகைபோக்கி. சுமார் 90 அடி உயரம். அதன் பக்கங்களில் கணப்பு அடுப்புகள். விறகைத் தாங்கி நிற்கும் இரும்பு, பழைய தண்டவாளத்தை வளைத்தது. பொறி பறக்காமல் தடுக்கும் திரை, பனிக்காலத்தில் டயரில் மாட்டும் சங்கிலி. அதைக் கையில் பிடித்துப் பார்த்தால் கண்ணிகள் அப்படியே தெரிகின்றன; ஒளிக்க முயற்சியே செய்யவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது மாடிப்படிகள். கைப்பிடி முடியும் இடத்திலெல்லாம் ஒரு தடித்த மரத்தூண், உச்சியில் ஒரு பிராணி. ஆந்தை, கரடி, நீர்நாய் மாதிரியான பீவர் எல்லாம் உண்டு. அத்தனையும் கழித்துப்போட்ட பழைய கம்பங்கள். டெலிபோன் கம்பி சுமந்த மரங்கள். ஏறி இறங்குகிறவர்கள் எல்லோரும் தலையில் கை வைத்துவிட்டுப் போகிறார்கள். என் மகளும் ஒவ்வொரு பிராணியையும் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தாள். தலைகள் வழவழவென்று கறுத்திருக்கின்றன. உடம்பில் மட்டும் உளி வெட்டு இன்னும் தெரிகிறது.

அறைகளுக்கான திரைச்சீலை, விரிப்பு எல்லாவற்றுக்கும் பொறுப்பு மார்ஜரி ஹாஃப்மன் ஸ்மித் என்ற வடிவமைப்பாளர். இதே காலத்தில் சி.சி.சி. என்ற இளைஞர் வேலைத்திட்டமும் நடந்தது. மாதம் 30 டாலர் சம்பளம், அதில் 25 நேரே வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிடும். அந்த முகாம்களில் கழித்துப்போட்ட கம்பளித் துணியை நாடா நாடாகக் கிழித்து, வேலை தேடிவந்த பெண்கள் தரைவிரிப்புகள் செய்தார்கள். பாட்டி பழைய புடவையைக் கிழித்துப் பின்னும் மிதியடி மாதிரிதான். இப்போது இருப்பவை பெரும்பாலும் மறுபடி செய்தவை; அந்த வேலையை 1975-இல் தொடங்கிய ஒரு நண்பர்கள் குழு பார்த்துக்கொள்கிறது. இந்த அக்கறை ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை. 1955-இல் மின்கட்டணம்கூடக் கட்டமுடியாமல் விடுதி பூட்டியே கிடந்தது.

அந்தக் காலத்தில் டபிள்யூ.பி.ஏ. ஆட்கள் என்றாலே நக்கல்தான். மண்வெட்டியில் சாய்ந்து நிற்பதற்குச் சம்பளமா என்று கேட்டவர்கள் அதிகம், கேலிச்சித்திரமும் போட்டார்கள். நூறு நாள் வேலையைப் பற்றி நம் ஊர் டீக்கடையில் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன், வார்த்தை மாறாமல். யாராவது சாய்ந்தும் நின்றிருப்பார்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பனிக்காலத்தை இடையில் வைத்துக்கொண்டு பதினைந்து மாதத்தில் இதைக் கட்டியவர்களைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போகிறவர்களுக்கு: அறை எடுக்கவேண்டும் என்று இல்லை, கூடத்தையும் படிகளையும் சும்மாவே சுற்றிப் பார்க்கலாம். நவம்பரிலிருந்து போனால் காருக்குப் பனிக்கால பார்க்கிங் அனுமதிச்சீட்டு வேண்டும், டயர் சங்கிலியும் கையில் இருக்கட்டும். இன்னொரு நாள் கிடைத்தால் கொலம்பியா ஆற்றின் குறுக்கே உள்ள போனவில் அணைக்குப் போங்கள். ரூஸ்வெல்ட் அதே செப்டம்பர் 28 அன்று அதையும் திறந்துவைத்தார். மலையேற நேரமே இல்லையென்றால் போர்ட்லாண்டுக்குள்ளேயே ராக்கி பியூட் என்ற குன்று இருக்கிறது. அதன் உச்சியில் உள்ள கல்மதில்களும் டபிள்யூ.பி.ஏ. கைவேலைதான். கட்டணம் கிடையாது, மாலையில் போனால் மவுன்ட் ஹுட் நன்றாகத் தெரியும்.